ஊர்க் கழிவுநீரும் நம் கடமையும்

நீரைப் பாடாத புலவர் நம் தமிழில் இலர். வானினின்று வீழும் மழையையும், மலையினின்று இழியும் அருவியையும், கரைபுரண்டோடும் ஆற்றையும், தாமரை பூத்த பொய்கையையும் அவர் பலபடப் பாராட்டியுள்ளனர். ஆயின், மாந்தர் கையிற்பட்டுப் பயன்பட்டுக் கழிந்த நீரின் கதி யாதாயிற்று என்று வினவுவார் மிகச் சிலர். அதனைப் பற்றிப் பேசுதலும் நாகரிகம் அன்று எனக் கருதுவார் பலர். பேசாது விடுதலால் அந்நீர் மறைந்து போவதில்லை. அஃது எங்கேனும் ஓடியே தீரும். எங்கேனும் தேங்கியே தீரும். ஒருநாள் எவரேனும் ஒருவருடைய குடத்தினுள் புகுந்தே தீரும். ஆதலின், சிற்றூர்களில் கழிவுநீரைத் தூய்மை செய்தல் பற்றி யாம் கொண்ட கருத்தை ஈண்டுச் சில சொற்களாற் கூற முற்படுகின்றோம். இலக்கியக் கட்டுரையை எதிர்நோக்கி இப்பகுதியைப் புரட்டும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்வாராக.

எனினும் இலக்கியம் இப்பொருளை முற்றும் புறக்கணித்ததென்று கூறுதற்கில்லை. தரைக்கீழ் ஓடும் வடிகாலுக்குச் ‘சுருங்கை’ என்னும் அழகிய சொல் நம் பழைய நூல்களில் உண்டு. மணிமேகலையின் இருபத்தெட்டாங் காதை, வஞ்சி மாநகரின் அகழியை வருணிக்குமிடத்து, மனைகளில் மகளிர் கூந்தல் கழுவிய நீர் முதலாகப் பலவகை நீரும் சுருங்கைத் தூம்பின் வழியே வந்து அகழியிற் கலந்தன என்று கூறுகின்றது. அந்நீரின் நறுமணத்தால் அகழியில் வாழும் உயிர்கள் தம் புலால் நாற்றமும் நீங்கினவாம். இதனைப் புலவர் கற்பனையென்று கொள்ளினும், மனைநீர் செல்லுதற்குத் தனிவழி அமைத்தல் நகர்க்குச் சிறப்பு என்று எண்ணிய ஒரு மக்கள் இருந்தனர் என்பது தெளிவு. கீழடியிற் கண்டெடுக்கப்பட்ட சுடுமண் குழாய்களும் செங்கற் கட்டுமானங்களும் நீரை வழிப்படுத்தும் அறிவு நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்குச் சான்றாம். இன்று ஒரு புலவர் நம்மூர்க் குளம் ஒன்றைப் பாடப் புகின், அதிற் சேரும் நீரால் மீன்கள் புலால் நீங்கின என்று பாடுவாரோ, உயிர் நீங்கின என்று பாடுவாரோ? விடையை அன்பர்களுக்கே விடுகின்றோம்.

நிற்க. கழிவுநீர் என்பது யாது? ஒரு குடும்பத்தினின்று வெளிப்படும் நீர் இருவகைத்து. குளித்தல், துணி துவைத்தல், கலம் கழுவுதல் ஆகியவற்றாற் கழியும் புழக்கடை நீர் ஒன்று. மலசல கூடத்தினின்று வரும் நீர் மற்றொன்று. இவ்விரண்டும் கலந்த நீரை ஆராய்ந்தோர், ஆயிரம் பங்கில் ஏறக்குறைய ஒரு பங்கே திடப்பொருள் என்றும், எஞ்சியவெல்லாம் தண்ணீரே என்றும் கூறுவர். அவ்வொரு பங்கினுள்ளேதான் வாந்திபேதியும், குடற்காய்ச்சலும், சீதபேதியும், குடற்புழுக்களின் முட்டைகளும் அடங்கிக் கிடக்கின்றன. 1854-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் பிராடு தெருவில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்நோ என்பார் அத்தெருவின் நீரேற்றுக் குழாயே நோய்க்குக் காரணம் என்று நிறுவினார். நீரும் மலமும் நெருங்கினால் நேர்வது யாது என்பதை உலகம் அறிந்து ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று.

இனி, நம் சிற்றூர்களின் நிலையை நோக்குவாம். முன்னாளிற் கிணற்றடியினின்றும் ஊருணியினின்றும் நீர் சுமந்த காலத்து, ஒரு வீட்டிற்கு நாளொன்றுக்குச் சில குடங்களே வந்தன. வந்த நீர் சிறிதாதலின் கழிந்த நீரும் சிறிது. கொல்லையிலுள்ள வாழையும் தென்னையும் அதனைக் குடித்துத் தீர்த்தன. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், சிற்றூரில் வாழும் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வீட்டிற்கே குழாய் வழி வருதல் வேண்டும் என்று வகுத்தது. இது பெரும்பேறே, தலையிற் குடமும் இடுப்பிற் குடமுமாக நடந்த நம் தாய்மாரின் துயர் துடைக்கும் செயலே. ஆயின் கொடுக்கும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராய் வெளிப்படும் என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு. ஈராயிரம் மக்கள் வாழும் ஊர் ஒன்றைக் கொள்வோம். நாளொன்றுக்கு வரும் நீர் 1,10,000 லிட்டர். கழியும் நீர் 88,000 லிட்டர். ஓராண்டிற்குக் கணக்கிடின் மூன்று கோடி லிட்டருக்கு மேலாகும். வருகின்ற நீருக்குக் குழாயும் தொட்டியும் பணமும் கண்ட நாம், போகின்ற நீருக்குக் கண்டது யாது? பெரும்பாலும் தெருவோரத்து மண் வாய்க்கால் ஒன்றே.

மலசல கூடங்களின் கதையும் இத்தகையதே. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தால் ஊர்தோறும் கூடங்கள் எழுந்தன. கூடம் எழுந்தது கண்டு மகிழ்ந்தோம். அதன் கீழேயுள்ள குழியை எண்ணிலேம். ‘செப்டிக் டாங்கு’ என்று பெயர் பெற்ற தொட்டிகள் பல, அப்பெயர்க்கு உரியன அல்ல. சில அடித்தளம் இன்றி நிலத்துள் ஊறுகின்றன. சில தம் வாயைத் தெருச் சாக்கடையில் வைத்துள்ளன. முறைப்படி கட்டிய தொட்டியும் அழுக்கை ஓரளவே போக்கும். அடியிற் படியும் கசட்டை இரண்டு மூன்று ஆண்டிற்கு ஒருமுறை எடுத்தலும், மேலே வடியும் நீரை நிலத்துள் உறிஞ்சச் செய்தலும் இன்றியமையாதன. இவ்விரண்டும் செய்யாத தொட்டி, நோயை அடைகாக்கும் கூடே என்க. எடுத்த கசட்டை லாரியில் ஏற்றிச் சென்று இரவில் ஓடையிலோ, ஏரிக்கரையிலோ, ஆளற்ற புறம்போக்கிலோ கொட்டிவிட்டால், வீட்டில் மறைத்த மலத்தை ஊரில் திறந்து வைத்தவராவோம்.

எம்மூரிலும் இதனைக் கண்டுள்ளோம். மேலத்தெருவின் நீர் சரிவு நோக்கி ஓடிக் கீழத்தெருவின் குழியிற் சேர்கின்றது. அக்குழியின் அருகே ஓர் அடிகுழாய் உண்டு. மேலத்தெருவார் தம் வாயில் தூயதாயிற்று என்று மகிழ்கின்றனர். கீழத்தெருவிற் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ‘காலக்கொடுமை’ என்கின்றனர். காலத்தின்மேற் பழி சுமத்துதல் எளிது. வாய்க்காலின் சரிவை அளந்து பார்த்தல் அரிது.

தீர்வு யாது? சிலர், நகரங்களைப் போன்று தெருவெல்லாம் புதைசாக்கடை தோண்டிப் பெரிய இயந்திர நிலையம் அமைத்தல் வேண்டும் என்பர். யாம் அக்கருத்திற்கு உடன்படுகிலேம். புதைசாக்கடையில் அழுக்கு அடையாது ஓடுதற்கு மிகுந்த நீர் வேண்டும்; அது பற்றியே புதைசாக்கடையுள்ள நகர்க்கு ஆளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டுமென்று பொறியியல் வழிகாட்டு நூல்கள் விதித்துள்ளன. 55 லிட்டர் பெறும் ஊர்க்கு அஃது எங்ஙனம் பொருந்தும்? அன்றியும், 1914-இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் உலகிற்கு அறிவித்த முறை இன்றும் பெருநகர் நிலையங்கள் பலவற்றிற்கு அடிப்படையாக உள்ளது. நீரினுள் இடையறாது காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைக்கொண்டே அழுக்கை உண்பித்தல் அதன் இயல்பு. அரிய முறையே, ஐயமில்லை. ஆயின் மின்சாரம் நின்றால் காற்று நிற்கும். காற்று நெடுநேரம் நின்றால் அந்நுண்ணுயிர்கள் மடியும். பொறி பழுதுற்றால் திருத்துவோன் நகரினின்று வரல்வேண்டும். ஒரு மோட்டார் பழுதுற்றுக் குடிநீரே பல நாள் வாராத ஊரில், கழிவுநீர்ப் பொறியைக் காப்பார் யாவர்?

சிற்றூர்க்கு ஏற்றது எளியதும், அருகிலுள்ளதும், ஊரார் கையாலேயே காக்கத்தக்கதும் ஆகும். அதனை மூன்று படியாகக் கூறுவாம்.

முதலாவது, வீட்டளவில் முடிவதை வீட்டிலேயே முடித்தல். கொல்லையுடைய வீடுகளில் புழக்கடை நீருக்கு உறிஞ்சுகுழி போதும். அல்லது வாழைப்பாத்தி போதும். மலசல கூடத்திற்கு இரட்டைக்குழி முறை சாலச் சிறந்தது. ஒரு குழி நிரம்பியவுடன் அதனை மூடி மற்றதைப் பயன்படுத்தல் வேண்டும். மூடிய குழியிலுள்ளது ஓரிரண்டு ஆண்டில் நாற்றமற்ற எருவாக மாறும். 1970-இல் சுலப் நிறுவனத்தைத் தொடங்கிய பிந்தேசுவர் பாடக் என்பார் இம்முறையை நாடெங்கும் பரப்பினார். மனிதன் மலத்தை மனிதன் சுமக்கும் இழிநிலையை ஒழித்தலே அவர் கருதிய பயன். கிணற்றினின்று பத்து மீட்டரேனும் தள்ளிக் குழி தோண்டுதலும், நிலத்தடி நீர் மேலேயுள்ள இடங்களிலும் பாறை நிலத்திலும் பொறியாளரைக் கேட்டுச் செய்தலும் வேண்டும். இல்லையேல் குழியின் ஊற்று நைட்ரேட்டாகிக் கிணற்றிற் சேர்ந்து பச்சிளங் குழந்தைகளுக்குக் கேடு செய்யும்.

இரண்டாவது, நெருங்கிய தெருக்களின் நீரை ஊர்ப்புறத்துக் குளங்களிற் சேர்த்துத் தூய்மை செய்தல். இவை இயற்கைக் குளங்கள் அல்ல. இதற்கென்றே அடுத்தடுத்து வெட்டப்படும் குளங்கள். முதற் குளம் ஆழமானது. அதிற் கசடு படிந்து, காற்றின்றி வாழும் நுண்ணுயிர்களாற் சிதைவுறும். இரண்டாவது, ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஆழமுடையது. அதன் மேற்பரப்பிற் பாசி வளர்ந்து, ஞாயிற்றின் ஒளியைப் பெற்றுப் பிராணவாயுவை வெளிவிடும். நுண்ணுயிர்கள் அப்பிராணவாயுவைக் கொண்டு அழுக்கை உண்டு, பாசிக்கு வேண்டிய உணவை மீட்டும் அளிக்கும். ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாகும் இவ்வொப்புரவு வியக்கத்தக்கது. மூன்றாவது குளம் ஆழங்குறைந்தது. அதில் வெயிலே நோய்க்கிருமிகளைக் கொல்லும். பல நாள் தங்கிச் செல்லும் நீரிற் புழுக்களின் முட்டைகளும் அடியிற் படிந்துவிடும். இதற்கு மின்சாரம் வேண்டா. வேண்டுவன நிலமும் வெயிலும் காவலும் ஆம். பனி சூழ்ந்த நாட்டார் எய்தவியலாத வெயிற் செல்வத்தைப் பெற்றுள்ள நாம், அதனை வெறுமனே வைதுகொண்டிருத்தல் தகுமோ? வெளிவரும் நீரைப் பருகலாகாது. ஆயின் ஆராய்ந்து பார்த்துத் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் மரங்களுக்கும் பாய்ச்சலாம்.

மூன்றாவது, தொட்டிகளினின்று எடுக்கும் கசட்டிற்குப் பல ஊர்கள் கூடி ஒரு பொதுவிடம் அமைத்தல். இஃது இயலுமோ என்று ஐயுறுவார்க்கு இரண்டு சான்று காட்டுவோம். கருநாடகத்திற் பெங்களூர்ப் புறத்தேயுள்ள தேவனஹள்ளி என்னும் சிறுநகரில், நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கசட்டைத் தூய்மை செய்யும் நிலையம் 2015-இல் இயங்கத் தொடங்கிற்று. கசடு உலர்த்தும் பாத்திகளும், நாணல் நட்ட சரளைப் பாத்தியும், நிலச்சரிவில் தானே ஓடும் நீரோட்டமுமே அதன் கருவிகள். உலர்ந்த கசட்டைக் குப்பையோடு சேர்த்து எருவாக்கினர். நம் தமிழ்நாட்டில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் இத்தகைய நிலையம் ஒன்று எழுந்தது. அது கருங்குழிக்கே அன்றி அண்டையிலுள்ள மதுராந்தகத்திற்கும் பயன்பட அமைந்தது. ஏரிக்குப் பெயர் பெற்ற அந்நாட்டில் ஏரிநீரைக் காக்கும் வேலி ஒன்று இவ்வாறு எழுந்தது பொருத்தமே. தமிழ்நாட்டரசு 2014-இலும், நடுவண் அரசு 2017-இலும் கசட்டினை ஆளும் நெறிமுறைகளை வகுத்தன. நெறி உண்டு, அதன்வழி நடப்பார் பெருகல் வேண்டும்.

இனி, எதிர்மொழிகளை ஆராய்வாம்.

‘கசட்டை வயலிற் கொட்டினால் எருவாகுமே, தூய்மை செய்வானேன்?’ என்று உழவர் சிலர் வினவுவர். எருச்சத்து உண்டென்பது உண்மையே. ஆயின் கசட்டோடு வயலிற் சேரும் நாகப்புழு முட்டைகள் மண்ணிற் பல திங்கள், சிலவேளை ஆண்டுக்கணக்கிலும், அழியாது கிடக்கும். வெறுங்காலோடு நாற்று நடும் பெண்ணின் பாதத்தைத் துளைத்துக் கொக்கிப்புழு உட்புகும். உலர்த்தியும், மக்கவைத்து வெப்பமேற்றியும் பயன்படுத்தினால் எருவும் கிடைக்கும், நோயும் வாராது.

‘பணம் ஏது?’ என்பது இரண்டாவது வினா. கட்டுதற்குப் பணம் அரசினின்று வருதல் கூடும். 2020-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் பகுதி கழிவுநீரையும் கசட்டையும் தன் பணிகளுள் வைத்தது. அரிதாவது கட்டிய பின்னர்க் காத்தற்கு வேண்டும் பணம். திறப்பு விழாவிற்கு மாலை வாங்கும் ஊர், மறு ஆண்டு கரைப்புல் அறுக்கக் கூலி ஒதுக்குவதில்லை. பாசி மண்டிய பாத்தியும் தூர்ந்த குளமும் முன்னிருந்த சாக்கடையினும் கொடியன. ஏனெனில் அவை ‘இம்முறை பயனற்றது’ என்னும் பொய்யை ஊரார் நெஞ்சில் விதைக்கின்றன. ஆதலின், காப்போன் ஒருவனுக்கு ஆண்டு முழுதும் சம்பளம் ஒதுக்காத ஊர், நிலையம் கட்டாதிருத்தலே நன்று என்று துணிந்து கூறுவோம். வீடுதோறும் ஒரு சிறு தொகை வரியாகக் கொடுத்தலே நேரிய வழி.

மூன்றாவது எதிர்மொழி வெளிப்படையாகச் சொல்லப்படாதது, செயலிற் காணப்படுவது. ‘நிலையம் வேண்டும், ஆனால் எம் பக்கம் வேண்டா’ என்பதே அது. பின் எப்பக்கம்? பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர் வாழும் குடியிருப்பின் பக்கமே விரல் நீட்டப்படுகின்றது. குப்பை அங்கே, சுடுகாட்டு வழி அங்கே, சாக்கடையின் கடைவாய் அங்கே. இனிக் கசடும் அங்கேயோ? இதனை யாம் வன்மையாக மறுக்கின்றோம். இடத்தைத் தெரிவு செய்ய வேண்டியது நிலச்சரிவும், மண்ணியல்பும், கிணறுகளின் தொலைவும் ஆம், சாதி அன்று. நாற்றமின்றி நடத்தவல்ல நிலையமாயின் அதனை ஊர்ப் பெரியோர் தம் தோட்டத்தருகே வைத்துக் காட்டட்டும். நாற்றமின்றி நடத்த இயலாதெனின், எளியோர் மூக்கிற்கு மட்டும் அதனைத் தாங்கும் கடன் உண்டோ?

இதனோடு ஒன்றிய மற்றொரு பேருண்மையும் உண்டு. தொட்டியுள் ஆளை இறக்கும் கொடுமை இன்னும் ஒழிந்தபாடில்லை. தொட்டியின் உள்ளே உண்டாகும் நச்சுக்காற்று சில கணத்திற் கொல்லும். இறங்கியவனை மீட்க இறங்கியவனும் அங்கேயே மடிவதைச் செய்தித்தாள்களிற் காண்கின்றோம். மனிதரைக்கொண்டு மலம் அள்ளுதலையும், காப்பின்றித் தொட்டியுள் இறக்குதலையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் அளித்தல் வேண்டுமென 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்திற்று. தொகை உயர்ந்தது நன்றே. ஆயின் எத்தொகையும் உயிர்க்கு ஈடாகாது. தம் வீட்டுத் தொட்டிக்கு ஆள் தேடி அலையும் வீட்டுத்தலைவர், இயந்திர லாரியை வரவழைத்தற்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணுங்கால், எதனைப் பணயம் வைக்கின்றோம் என்பதை நினைத்தல் வேண்டும். ஒருவன் இறங்காதபடி அமைந்த ஊர்முறையே கிறித்தவரும் பிறரும் போற்றும் அன்பின் முதற்பாடம் என்போம்.

மாணவத் தோழர்களே! பழைய மாணவர்களாகிய பெரியீர்! இப்பொருளில் நமக்குரிய கடமை யாது? நம்மிற் பலர் சிற்றூரினின்று வந்தோர். விடுமுறையில் அங்கே திரும்புவோர். அரசியலமைப்பின் எழுபத்து மூன்றாவது திருத்தம் குடிநீரையும் சுகாதாரத்தையும் ஊராட்சிகளுக்கு உரியனவாக எண்ணிற்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் நம் ஊர்களிற் கிராம சபை கூடுகின்றது. அங்குச் சென்று மூன்று வினாக்களை எழுப்புவோம். நம் ஊரின் கழிவுநீர் எங்குச் சென்று முடிகின்றது? நம் வீடுகளிற் கசடு எடுக்கும் லாரி அதனை எங்கே கொட்டுகின்றது? இவ்வாண்டுக் கணக்கிற் கழிவுநீர் காத்தற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? விடை கிடையாதாயின், அவ்வினாக்களைத் தீர்மானப் புத்தகத்திற் பதியச் செய்வோம். எழுத்தில் ஏறிய வினாவை எளிதில் அழித்தல் இயலாது.

கல்லூரியினுள்ளும் நமக்குப் பணி உண்டு. வேதியியல் மாணவர் கிணற்று நீரின் நைட்ரேட்டை அளக்கலாம். விலங்கியல் மாணவர் கசட்டிலுள்ள முட்டைகளை நுண்பெருக்கியிற் காட்டலாம். கணித மாணவர் ஊரின் சரிவை அளந்து வரைபடம் எழுதலாம். தமிழ் மாணவராகிய எமக்கு ஆவது யாது? இவற்றையெல்லாம் ஊரார்க்கு விளங்கும் தமிழில் எழுதிச் சாவடியிலும் கோயில் வாயிலிலும் ஒட்டுதல் ஆகும். சுருங்கை என்னும் சொல்லைத் தேர்விற்கு மனப்பாடம் செய்து மறந்து போகும் நாம், அச்சொல்லுக்கு உரிய பொருளை நம் தெருவிற் காணும்படி செய்வோமாயின், அதுவே அந்நூலைக் கற்றதன் பயனாகும். முதற்கண், நம் விடுதிகளின் குளியலறை நீர் எங்குச் செல்கின்றது என்பதை இவ்வாண்டிற்குள் நம்முள் ஒவ்வொருவரும் நேரே சென்று அறிந்து வருவோமாக.